ஹாம்பர்க் பழைய துறைமுகத்தில் இரண்டு நாள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்

வயதான அப்பா அம்மாவையும் பத்து வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு ஒருவர் ஹாம்பர்க்கில் இரண்டு நாள் தங்கப் போகிறார். எல்பே ஆற்றங்கரையில் பழைய துறைமுகத்தைப் புதுப்பித்துக் கட்டிய பகுதியில் எதைப் பார்ப்பது, எதற்குக் காசு கொடுப்பது, எதை விட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறார். எங்கே தேடினாலும் ஒரே பத்துப் பெயர்கள்தான் வருகின்றன, அவற்றில் பாதி எந்த ஊரிலும் இருக்கக்கூடியவை என்பது அவருடைய குறை.

குறை நியாயமானதுதான். அதனால் நான் ஒரே ஒரு அளவுகோலை வைத்துப் பதில் சொல்கிறேன். அந்த இடத்துக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இருக்கிறதா? இருந்தால் போகலாம். இல்லையென்றால் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, அந்த இரண்டு நாளுக்கும் ஆற்று நீரின் ஏற்றமும் வற்றமும் எத்தனை மணிக்கு என்று பார்த்து வைப்பது. ஹாம்பர்க் கடற்கரையில் இல்லை. கடல் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் வட கடலின் ஏற்ற இறக்கம் எல்பே வழியாக ஊருக்குள்ளேயே வந்துவிடுகிறது. நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். இரண்டுக்கும் நடுவே மூன்றரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். காலையில் படகு மிதந்த கால்வாயில் மத்தியானம் சேறு தெரியும். இது தெரியாமல் போகிறவர்கள் "படத்தில் பார்த்தது போல இல்லையே" என்று திரும்பி வருகிறார்கள். பெரியவர்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. படகுத் துறைகள் எல்லாம் மிதவைகள்தான்; அவற்றுக்கு இறங்கும் பாலம் நீர் வற்றும்போது செங்குத்தாகச் சாய்ந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் நீர் ஏறியிருக்கும் நேரத்தில் இறங்குவது நல்லது.

பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இரண்டு பகுதிகள் இங்கே இருக்கின்றன. ஊர்ப் பக்கமாகச் சிவப்புச் செங்கல் கிடங்குகள் வரிசையாக நிற்பது ஷ்பைஷர்ஷ்டாட். அதற்குத் தெற்கே, ஆற்றை ஒட்டிப் புதிதாக எழுந்திருப்பது ஹாஃபன்சிட்டி. முன்னது பழைய வடிவில் காப்பாற்றப்பட்டது. பின்னது ஏறக்குறைய வெறுமையிலிருந்து கட்டப்பட்டது.

ஷ்பைஷர்ஷ்டாட்டின் கதை சுங்க வரியில் தொடங்குகிறது. ஹாம்பர்க் நெடுங்காலம் தனி நகர அரசு. ஜெர்மனி ஒரே பேரரசாக ஒன்றான பிறகும் சுங்க எல்லைக்குள் வர அது உடனே சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு பேரம் படிந்தது. ஊர் சுங்க எல்லைக்குள் வரும். துறைமுகத்தில் ஒரு பகுதி மட்டும் வரியில்லாப் பகுதியாகத் தனியே இருக்கும். அந்தப் பகுதிக்கான கிடங்குகளை 1883-இல் கட்டத் தொடங்கினார்கள். 1888-இல் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் வந்து திறந்து வைத்தார். இந்தக் கிடங்குகளுக்காகக் கேர்வீடர், வாண்ட்ராம் என்ற இரண்டு குடியிருப்புகள் அடியோடு இடிக்கப்பட்டு, சுமார் 20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். இன்று எல்லாரும் படம் எடுக்கும் அழகுக்கு அடியில் அந்தத் தெருக்கள் கிடக்கின்றன. சுற்றுலாப் படகுகளில் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள்.

கட்டடங்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு கிடங்குக்கும் இரண்டு முகம். ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் கால்வாய். கூரைக்குக் கீழே செப்புத் தகடு போர்த்திய கூண்டு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அதற்குள்தான் பாரம் தூக்கும் கருவி இருந்தது. கால்வாயில் தட்டைப் படகில் வரும் மூட்டை நேராக மூன்றாம் மாடிக்கோ நான்காம் மாடிக்கோ ஏறும். விற்றதும் தெருப் பக்கமாக இறங்கும். காப்பிக்கொட்டை, தேயிலை, கொக்கோ, மிளகு, பிற்காலத்தில் பாரசீகக் கம்பளங்கள் என்று எல்லாம் இப்படித்தான் ஏறி இறங்கின. அடித்தளம் முழுக்க ஆற்றுச் சேற்றில் அடித்து இறக்கிய மரத் தூண்கள். தடித்த செங்கல் சுவர்கள் உள்ளே வெப்பத்தைச் சீராக வைத்ததால் சரக்கு கெடாமல் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஏறக்குறைய பாதி அழிந்தது. வெர்னர் கால்மோர்கன் என்ற கட்டடக் கலைஞர் பொறுப்பில் 1960-கள் வரை மீண்டும் எழுப்பினார்கள். எது பழசு, எது புதுசு என்று அடையாளம் காண்பது ஒரு நல்ல விளையாட்டு. அலங்காரம் குறைந்து ஜன்னல்கள் ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் போருக்குப் பிந்தையது. 2003-இல் இந்தப் பகுதி வரியில்லாத் துறைமுகத்திலிருந்து விலக்கப்பட்டது. 2015-இல் பக்கத்திலுள்ள சிலிஹௌஸ் முதலான பழைய வணிக அலுவலகக் கட்டடங்களோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது.

இதைப் பார்க்கக் காசே வேண்டாம். போகன்மியூலன் பாலத்தில் நின்றால், இரண்டு கால்வாய்களுக்கு நடுவே தண்ணீரிலிருந்து முளைத்தது போல வாஸர்ஷ்லாஸ் என்ற சிறு கட்டடம் தெரியும். ஊரின் அஞ்சலட்டைகளில் பாதி அந்தப் பாலத்தில் எடுத்தவைதான். பகல் பதினொரு மணிக்குப் போனால் ஆட்களின் பின்மண்டைகள்தான் தெரியும். விடியற்காலையிலோ விளக்கேற்றிய பிறகோ போங்கள், நீர் ஏறியிருக்கும் நேரமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். தெருக்களில் பழைய கருங்கல் பாவியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் குலுங்கும். ஓரத்து நடைபாதையில் போவது சுலபம்.

படகில் போவதென்றால் கொஞ்சம் கவனம் தேவை. லாண்டுங்ஸ்புரூக்கன் படகுத் துறையில் தொப்பி வைத்த ஆட்கள் "இப்போதே கிளம்புகிறது" என்று கூவிக்கொண்டிருப்பார்கள். பெரிய படகுகள் கன்டெய்னர் முனையத்தையும் கப்பல் பழுதுபார்க்கும் உலர் துறைகளையும் சுற்றிக் காட்டும். பார்காஸ்ஸ எனப்படும் தாழ்வான சிறு படகுகள்தான் கிடங்குகளுக்கு நடுவே கால்வாய்க்குள் நுழையும். அதுவும் நீர் அதிகம் ஏறினால் பாலத்துக்கு அடியில் தலை இடிக்கும், அதிகம் வற்றினால் தரை தட்டும். இடைப்பட்ட சில மணி நேரம்தான் வழி. காசு கொடுப்பதற்கு முன்னால் "இந்தப் படகு இப்போது ஷ்பைஷர்ஷ்டாட்டுக்குள் போகுமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் துறைமுகத்தை மட்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கொண்டுவந்து இறக்கிவிடக்கூடும்.

கிடங்குகளுக்குள் இருக்கும் அருங்காட்சியகங்களில் நான் பரிந்துரைப்பது ஷ்பைஷர்ஷ்டாட் மியூசியம். சின்னதுதான். ஆனால் 1888-ஆம் ஆண்டுக் கிடங்கின் மாடியில், மரத் தூண்களுக்கு நடுவே, மூட்டைக் கொக்கி, தராசு, காப்பிக்கொட்டை மாதிரி எடுக்கும் குழாய், தேயிலை ருசி பார்க்கும் கிண்ணம் என்று அந்தத் தொழிலின் சாமான்கள் அப்படியே இருக்கின்றன. இங்கே சரக்கைப் பொறுப்பேற்று, தரம் பிரித்து, எடை போட்டுப் பாதுகாத்தவர்கள் குவார்ட்டியர்ஸ்லொய்டெ என்ற தனித் தொழில் குழுவினர். அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பது இங்கே போனால்தான் பிடிபடும். பக்கத்திலேயே வாசனைப் பொருள் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. மிளகையும் ஏலக்காயையும் கண்ணாடிப் பெட்டியில் பார்க்க நம் அம்மாக்கள் காசு கொடுப்பார்களா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன். சுங்க அருங்காட்சியகம் பையனுக்குப் பிடிக்கும். கடத்தல்காரர்கள் எதற்குள் எதை ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்று காட்டுகிறார்கள். கட்டணமும் குறைவு.

ஹாம்பர்க் டஞ்சன் என்ற பயமுறுத்தும் காட்சி வேண்டவே வேண்டாம். அதே பெயரில் லண்டனிலும் உண்டு, வேறு ஊர்களிலும் உண்டு. 'டயலாக் இம் டுங்கெல்ன்' அப்படியில்லை. முழு இருட்டில், பார்வையற்றவர் ஒருவர் கையைப் பிடிக்காத குறையாக உங்களைக் கூட்டிப்போகும் கண்காட்சி அது, உண்மையிலேயே நல்ல அனுபவம். ஆனால் எல்லாமே பேச்சில் நடப்பதால் ஜெர்மனோ ஆங்கிலமோ சரளமாகப் புரிய வேண்டும். பெற்றோருக்கு அது சிரமம் என்றால் விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த விதிவிலக்கு: மினியாட்டூர் வுண்டர்லாண்ட். பொம்மை ரயில் காட்சி. தண்ணீரோடு சம்பந்தமில்லை; எந்த ஊரிலும் வைத்திருக்கலாம். ஆனாலும் போங்கள். பையனுக்காக என்று சொல்லிக்கொண்டு போவீர்கள், அப்பாதான் கடைசியில் வெளியே வர மாட்டேன் என்பார். ஃப்ரெடெரிக் பிரௌன், கெரிட் பிரௌன் என்ற இரட்டைச் சகோதரர்கள் தொடங்கி 2001 ஆகஸ்டில் திறந்தது. ஃப்ரெடெரிக் சூரிச்சில் ஒரு பொம்மை ரயில் கடையைப் பார்த்துவிட்டுச் சகோதரரிடம் சொன்ன யோசனை இது. இன்று உலகத்திலேயே பெரிய மாதிரி ரயில் அமைப்பு என்று கின்னஸ் சொல்கிறது. எல்லாம் 87-இல் 1 பங்கு அளவு. ஆல்ப்ஸ் மலை இரண்டு மாடி உயரத்துக்கு எழும்புகிறது. ஸ்காண்டிநேவியப் பகுதியில் நிஜத் தண்ணீரில் கப்பல்கள் ஓடுகின்றன. க்னுஃபிங்கன் என்ற கற்பனை ஊரின் விமான நிலையத்தில் விமானங்கள் ஓடுபாதையில் ஓடி, மேலெழும்பி, சுவருக்குள் மறைகின்றன. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை அறை முழுக்க இருட்டாகி, லட்சக்கணக்கான குட்டி விளக்குகள் எரியும். இடம் போதாமல் 2021-இல் கால்வாய்க்கு மேலே கண்ணாடிப் பாலம் போட்டு எதிர்க் கிடங்குக்குப் போய், அங்கே தென் அமெரிக்காவைக் கட்டியிருக்கிறார்கள். பாலத்துக்குக் கீழே நிஜக் கால்வாய் ஓடுவதால், என் அளவுகோலுக்குள் இதையும் இழுத்துக்கொள்ளலாம்.

இங்கே கூட்டம்தான் பிரச்சினை. முன்பதிவு இல்லாமல் விடுமுறை நாளில் போனால் வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும். பல நாட்களில் இரவு வெகுநேரம் வரை திறந்திருக்கிறது. சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு மேல் நேரம் எடுத்தால் பிள்ளைகளின் கூட்டம் கலைந்திருக்கும், நின்று நிதானமாகப் பார்க்கலாம். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். உட்கார இடம் குறைவு என்பதை அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஹாஃபன்சிட்டிக்கு வருவோம். 1968-இல் அமெரிக்கன் லான்சர் என்ற கப்பல் ஹாம்பர்க்குக்குக் கன்டெய்னர்களைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பழைய முறை மெல்லச் செத்தது. பெட்டியை இறக்கக் கிடங்கு மாடி வேண்டாம். ஆழமான நீரும் பரந்த திடலும்தான் வேண்டும். அவை ஆற்றின் அக்கரையில் இருந்தன. ஊர் நடுவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த குறுகிய துறைகள் சும்மா கிடந்தன. 1997-இல் அப்போதைய மேயர் ஹென்னிங் ஃபோஷராவ் இந்தத் திட்டத்தை வெளியிட்டார். 2000-இல் முதன்மைத் திட்டம் வந்தது. மொத்தம் 157 ஹெக்டேர். முடியும்போது ஹாம்பர்க்கின் நடு ஊர் 40 சதவீதம் பெரிதாகியிருக்கும் என்பது கணக்கு.

கட்டடங்களைப் பார்த்து "கண்ணாடிப் பெட்டிகள்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் நிறைய. சில இடங்களில் அது சரிதான். ஆனால் இந்தப் பேட்டையில் பார்க்க வேண்டியது கட்டடத்தின் முகப்பை அல்ல, தரையை. 1962 பிப்ரவரியில் வந்த புயல் வெள்ளத்தில் ஹாம்பர்க்கில் மட்டும் 315 பேர் இறந்தார்கள். 1976-இல் நீர் அதைவிட உயர்ந்து 6.45 மீட்டரைத் தொட்டது. ஹாஃபன்சிட்டி வெள்ளத் தடுப்புக் கரைக்கு வெளியே இருக்கிறது. சுற்றிலும் கரை எழுப்பினால் தண்ணீரே கண்ணில் படாது. அதனால் புதுக் கட்டடங்களையும் தெருக்களையும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 8 மீட்டர் உயரத் திட்டுகளின் மேல் வைத்தார்கள். ஆற்றோர நடைபாதைகளைப் பழைய உயரத்திலேயே விட்டுவிட்டார்கள். வெள்ளம் வந்தால் நடைபாதை முழுகும், வீடு முழுகாது. ஆம் ஸாண்ட்டோர்கை தெருப் பக்கம் நடக்கும்போது கட்டடங்களின் கீழ்த்தளத்தில் கனமான இரும்புக் கதவுகளைப் பாருங்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் அவற்றை மூடிவிடுவார்கள். அந்தக் கதவுகளைப் பார்த்த பிறகு பேட்டை முழுவதும் வேறு மாதிரி தெரியும். ஏன் இங்கே படி, ஏன் அங்கே உயரத்தில் பாலம் என்று தானாகப் புரியும்.

பக்கத்திலேயே ஸாண்ட்டோர்ஹாஃபன் என்ற பழைய துறையில் பாய்மரக் கப்பல்களும் நீராவிப் படகுகளும் மிதவைகளில் கட்டியிருக்கும். அவற்றுக்கு எதிரே மாகெல்லன் படிக்கட்டுத் திடல். உட்கார்ந்து காப்பி குடிக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. குளிர்காற்று அடிக்காத நாளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். காற்று இங்கே பெரிய விஷயம். ஜூலையிலும் ஒரு மேலங்கி கையில் இருக்கட்டும்.

பழைய கிடங்கின் மேல் கண்ணாடியால் எழுப்பிய இசை அரங்கம் எல்ப்ஃபில்ஹார்மோனி; அதற்கு நீங்கள் எப்படியும் போவீர்கள். பொதுவாக எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். நான் கீழே பார்க்கச் சொல்கிறேன். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் செங்கல் பெட்டி, அதே கால்மோர்கன் 1960-களில் கட்டிய கொக்கோ, தேயிலை, புகையிலைக் கிடங்கு. சுவரை மட்டும் விட்டு உள்ளே முழுவதும் குடைந்தெடுத்தார்கள். அது ஏற்கெனவே 1,111 தூண்கள் மேல் நின்றது. புதுப் பாரத்தைத் தாங்க இன்னும் 650 தூண்களை அடித்தார்கள். அதற்கு மேல் ஹெர்ஸோக், டி மெய்ரோன் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்களின் கண்ணாடி அலை, 110 மீட்டர் உயரம் வரை. கட்டி முடிக்கும் கதை ஊர்ச் சண்டையானது. 2010-இல் திறப்பதாகச் சொன்னது 2017 ஜனவரி 11-இல்தான் திறந்தது. நகரத்தின் பங்கு 77 மில்லியன் யூரோ என்று தொடங்கி 789 மில்லியனில் முடிந்தது. திறந்த பிறகு திட்டியவர்களே விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள்.

உள்ளே போக 82 மீட்டர் நீள நகரும் படிக்கட்டு. நடுவில் வளைந்திருப்பதால் ஏறும்போது முடிவு தெரியாது. மேலே 37 மீட்டர் உயரத்தில், பழைய கிடங்கின் கூரையிருந்த மட்டத்தில், பிளாசா என்ற சுற்றுத் தளம். கட்டடத்தைச் சுற்றி வெளியே நடக்கலாம். ஒரு பக்கம் ஊரின் கோபுரங்கள், மறுபக்கம் கிரேன்கள். பிளாசாவுக்கு நேரம் குறித்த சீட்டு வேண்டும், முன்னாலேயே எடுத்து வையுங்கள். லிஃப்டும் உண்டு. கச்சேரிக்குப் போவதா என்றால், மேற்கத்திய இசையில் ஈடுபாடு இருந்தால் மட்டும். பெரிய அரங்கில் 2,100 இருக்கைகள், மேடை நடுவில், யாரும் இசைக்குழு நடத்துநரிடமிருந்து 30 மீட்டருக்கு மேல் தள்ளி இல்லை. அரங்கம் முழுவதும் ஸ்பிரிங்குகளின் மேல் கட்டடத்திலிருந்து தனித்து நிற்கிறது; வெளியே கப்பல் சங்கு ஊதினாலும் உள்ளே கேட்கக் கூடாது என்பதற்காக. ஒலி அமைப்பு யசுஹிஸா டொயோட்டா என்ற ஜப்பானியருடையது. மெல்லிய சத்தமும் தெளிவாகக் கேட்கும். பக்கத்து இருக்கைக்காரர் தொண்டையைச் செருமுவது உட்பட.

கடல்சார் அருங்காட்சியகம் இருப்பது இந்தப் பகுதியிலேயே மிகப் பழைய கிடங்கில், 1879 வாக்கில் கட்டியது. பத்து மாடி. பீட்டர் டாம் என்ற பத்திரிகை நிறுவனத் தலைவர் ஆறு வயதில் அம்மா வாங்கிக் கொடுத்த சின்னக் கப்பலில் தொடங்கிச் சேர்த்த சாமான்கள். ஒரு மனிதர் எதையும் விடாமல் சேர்த்தால் என்ன ஆகுமோ அதுதான் இது. நெப்போலியன் காலத்துப் போர்க் கைதிகள் சாப்பாட்டு எலும்பில் செதுக்கிய கப்பல்கள் அற்புதம். சீருடைகளும் பீரங்கிகளும் நிறைய. நகரம் பணமும் கட்டடமும் கொடுத்தபோது, போரை மினுக்கிக் காட்டுகிறது என்று விமர்சனம் எழுந்தது, அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பத்து மாடியையும் பார்க்க முயலாதீர்கள். மேலிருந்து தொடங்கி, எலும்புக் கப்பல்களையும் மாதிரிக் கப்பல்களையும் பார்த்துவிட்டுக் கால் வலிக்கும்போது இறங்கிவிடுங்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் லோசெ பூங்கா. குழந்தைகள் விளையாடும் சாதாரணப் பூங்கா போலத்தான் தெரியும். நடுவே தரையைக் கீறியது போல ஒரு பாதை சாய்வாக ஓடும். முன்பு இங்கே ஹனோவர் ரயில் நிலையம் இருந்தது. 1940 முதல் 1945 வரை ஹாம்பர்க்கிலிருந்தும் வட ஜெர்மனியிலிருந்தும் 8,000-க்கும் மேற்பட்ட யூதர்களையும் ஸிந்தி, ரோமா மக்களையும் நாஜிகள் இங்கிருந்துதான் ரயிலேற்றி, கெட்டோ எனப்படும் அடைப்புக் குடியிருப்புகளுக்கும் முகாம்களுக்கும் அனுப்பினார்கள். பழைய நடைமேடையின் எச்சத்தை அப்படியே விட்டு, அங்கே ஏற்றப்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்து 2017-இல் நினைவிடமாக்கினார்கள். சுற்றுலாப் பட்டியல்களில் இது அநேகமாக வருவதில்லை. பத்து வயதுப் பையனுக்கு எவ்வளவு சொல்லலாம் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் தவிர்க்காதீர்கள்.

ஹாஃபன்சிட்டியின் ஒரு பகுதியான ஊபர்ஸே குவார்ட்டியரில் 2025 ஏப்ரலில் திறந்த பெரிய வணிக வளாகம் மழைக்கும் கழிப்பறைக்கும் உதவும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குக் கீழே ஓடும் யு4 மெட்ரோதான் சுவாரசியம். ஹாஃபன்சிட்டி பல்கலைக்கழகம் நிலையத்தில் இறங்குங்கள். கூரையிலிருந்து கன்டெய்னர் அளவில் கண்ணாடி விளக்குப் பெட்டிகள் தொங்கி, நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த நிலையம் எல்ப்புரூக்கன், கண்ணாடியும் இரும்பும் வளைந்த கூரை. அதன் மேடையிலிருந்து பார்த்தால் பாதியில் நிற்கும் ஒரு கான்கிரீட் கோபுரம் தெரியும். 245 மீட்டருக்குத் திட்டமிட்டு, கட்டிய நிறுவனத்தின் பணம் தீர்ந்து, 2023 கடைசியில் சுமார் 100 மீட்டரில் வேலை நின்றுபோன எல்ப்டவர். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர்களை உள்ளூர்க்காரர் யாரிடமாவது கேளுங்கள்.

இனி பேட்டைக்குக் கொஞ்சம் வெளியே, லாண்டுங்ஸ்புரூக்கன் பக்கம். இங்கேதான் துறைமுகம் இன்னும் வேலை செய்வது தெரியும். பழைய எல்பே சுரங்கப்பாதை 1911-இல் திறந்தது. அக்கரைக் கப்பல் கட்டும் தளங்களுக்குத் தொழிலாளர்கள் போய்வரக் கட்டியது. 24 மீட்டர் ஆழத்துக்கு லிஃப்டில் இறங்கி, 426 மீட்டர் நடந்தால் அக்கரை. சுவர் ஓடுகளில் மீன், நண்டு, பழைய பூட்ஸ் என்று சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பங்கள். பையனை எண்ணச் சொல்லுங்கள். நடந்து போகிறவர்களுக்குக் கட்டணமில்லை. அக்கரையில் ஏறினால் ஊர் முழுவதும் ஒரே காட்சியாக எதிரே விரியும். பிளாசாவில் நின்றால் எல்ப்ஃபில்ஹார்மோனி தெரியாது, இங்கிருந்து அதுவும் தெரியும். கூட்டமும் கம்மி.

துறையில் நிற்கும் இரண்டு கப்பல்களில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் காப் ஸான் டியேகோ. 1961-இல் கட்டிய சரக்குக் கப்பல், தென் அமெரிக்கா போய்வந்தது, இன்றும் கடலில் ஓடும் நிலையில் இருக்கிறது. எஞ்சின் அறை வரை இறங்க விடுகிறார்கள். கன்டெய்னருக்கு முந்தைய கடைசித் தலைமுறைக் கப்பல் இது. சரக்குத் தளத்தில் நின்று பார்த்தால், ஷ்பைஷர்ஷ்டாட்டின் மாடிகளும் கூண்டுகளும் எதற்காக இருந்தன என்பது புரிந்துவிடும். ரிக்மர் ரிக்மர்ஸ் பச்சைப் பாய்மரக் கப்பலை வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

கடைசியாக, இந்த ஊரிலேயே காசுக்கு அதிக மதிப்புள்ள காட்சி: 62-ஆம் எண் ஃபெர்ரி. பேருந்துக்கு எடுக்கும் அதே பயணச் சீட்டு செல்லும்; நாடு முழுவதும் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் செல்லும். லாண்டுங்ஸ்புரூக்கனில் ஏறி மேல்தளத்தில் வலப்பக்கம் உட்காருங்கள். மீன் சந்தையின் பழைய ஏலக் கூடம், புது அலுவலகங்கள், அப்புறம் ஓவல்கொன்ன என்ற ஆற்றோரப் பகுதி. அங்கே இறங்கினால் பழைய படகுகளின் சிறு துறையும் மணல் கரையும் இருக்கும். ஆற்றைத் தூர்வாரும்போது 1999-இல் கிடைத்த 217 டன் பாறாங்கல்லை அங்கேயே நிறுத்தி 'கிழ ஸ்வீடன்காரன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதிர்க்கரையில் உலகக் கப்பல்கள் பெட்டி பெட்டியாக இறங்கும். பெற்றோரை அங்கே மணலில் உட்கார வைத்தால் அன்றைய மத்தியானத்துக்கு வேறெதுவும் தேவைப்படாது.

வரிசை இப்படி வைக்கலாம். முதல் நாள் காலை ஷ்பைஷர்ஷ்டாட் நடை, அதன் மியூசியம், மத்தியானம் ஸாண்ட்டோர்ஹாஃபனும் லோசெ பூங்காவும், சாயங்காலம் வுண்டர்லாண்ட். இரண்டாம் நாள் பிளாசா, சுரங்கப்பாதை, கப்பல், ஃபெர்ரி. பார்காஸ்ஸ படகை எந்த நாளில் வைப்பது என்பதை மட்டும் நீர்மட்டம் முடிவு செய்யட்டும். இரண்டாம் நாள் ஞாயிறாக இருந்தால் மீன் சந்தைக்கும் போகலாம். கோடையில் விடியற்காலை 5 மணிக்கு, குளிர்காலத்தில் 7 மணிக்குத் திறந்து 9.30-க்கு மூடிவிடும். பெயர்தான் மீன் சந்தை. பழக்கூடையும் செடியும் கூவிக் கூவி விற்பதும் உண்டு. தூக்கம் கெட வேண்டாம் என்று அப்பா சொன்னால் வற்புறுத்தாதீர்கள், ஃபெர்ரி பத்து மணிக்கும் ஓடும்.